நான்காம் பாடத்தில் ஒரு மூச்சு

இருபத்தேழு பேரில் பத்தொன்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். இணையத்தில் கருத்துக் கேட்டால் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது சிஸ்டருக்குப் பழகிப்போன விஷயம். அதனால் பத்தொன்பதே பெரிய கூட்டம்தான். அந்தப் பத்தொன்பதில் ஆறு பேர், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியது போல, ஒரே விஷயத்தைப் பாராட்டியிருந்தார்கள்.

"நாலாவது பாடத்தில் மூச்சுச் சத்தம் சேர்த்தது அருமை." "மூச்சு விடுற சத்தம் நிஜமாவே இருந்துச்சு, சூப்பர்." "பொம்மைன்னு தெரிஞ்சும் உடம்பு சிலிர்த்துடுச்சு."

நான்காம் பாடத்தில் அவள் எந்தச் சத்தமும் சேர்க்கவில்லை.

பதினாறு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள். முழங்கால் தேய்ந்து, நின்றது போதும் என்று வெளியே வந்து, இப்போது முதலுதவிப் பயிற்சி மையம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே பாடம் எடுக்கிறாள். வார்டை விட்டு வந்தாலும் 'சிஸ்டர்' என்ற பெயர் அவளை விடவில்லை. தொழிற்சாலை ஆட்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், கிடங்கில் வேலை செய்கிறவர்கள் என்று வாரம் ஓர் அணி வரும். எட்டுப் பாடம், ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம். வேலை இடைவேளையில் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். கடைசியில் ஒரு சின்னக் கருத்துப் படிவம் வரும். எது உதவியது, எது வேண்டாம், எதை மாற்றலாம் என்று மூன்றே கேள்வி, அதோடு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம். நான்காவதாக ஒரு கேள்வி சேர்த்தால் பதில் போடுகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள் என்பது மையத்தின் ஒருங்கிணைப்பாளர் கண்டுபிடித்த உண்மை. இன்னொரு சட்டமும் அவருடையதுதான். அதிகம் பேர் கேட்கிற மாற்றத்தை அடுத்த அணி வருவதற்குள் செய்துவிட வேண்டும். செய்துவிட்டு, 'நீங்கள் கேட்டீர்கள், செய்துவிட்டோம்' என்று பாடத்தின் தலைப்பிலேயே போட வேண்டும். தன் கருத்தை யாரோ மதித்தார்கள் என்றால் மனிதர்களுக்கு ஒரு பூரிப்பு, அதில் தவறில்லை.

அவள் நான்காம் பாடத்தைத் திறந்தாள். மயங்கி விழுந்தவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கும் பாடம் அது. திரையில் அவளே மண்டியிட்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத அந்தப் பயிற்சிப் பொம்மையின் நெற்றியில் ஒரு கையும் முகவாயில் ஒரு கையும் வைத்துத் தலையைச் சாய்த்தாள். "காதை வாய்க்குப் பக்கத்துல வையுங்க. கண்ணு நெஞ்சைப் பார்க்கட்டும். பத்து நொடி. அதுக்கு மேல வேண்டாம்." அதன் பிறகு திரையில் அவள் பேசவில்லை. பத்து நொடி அமைதி. பார்க்கிறவர்கள் தாங்களே எண்ணிப் பழகட்டும் என்று வேண்டுமென்றே விட்ட அமைதி.

அந்த அமைதிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

மெல்லிய சத்தம்தான். உள்ளே இழுத்து, கொஞ்சம் தயங்கி, வெளியே விடும்போது கடைசியில் சின்னதாக ஒரு விசில். அந்த விசிலைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்துத் தலையணையில் கேட்கிற விசில் அல்லவா. அவள் கணவர் அச்சகத்தில் இரவு வேலை பார்க்கிறவர். காலை ஏழு மணிக்கு வந்து, குளித்து, படுக்கையறை ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுப் படுத்தால் இரண்டு மணி வரை அடித்துப்போட்ட தூக்கம். அவள் பதிவு செய்கிற அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். குறட்டை சுவர் தாண்டி மைக்கில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

அவர் எழுந்ததும் சொன்னாள்.

"பரவாயில்லையே, எனக்கும் ரசிகர்கள் வந்துட்டாங்க!" என்றார் அவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "பாதியாளுக்கு நான் பின்னணிக் குரல் கொடுக்கிறேன்னு மையத்துல சொல்லி வை."

பாதியாள் என்பது பொம்மைக்கு அவர் வைத்த பெயர். சில நாள் 'சக்களத்தன்' என்றும் கூப்பிடுவார். பகல் முழுக்க அவள் அந்தப் பொம்மையின் நெஞ்சைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கிறாள் என்பதில் அவருக்குப் பொய்க் கோபம்.

அந்தச் சத்தத்தோடு பாடத்தை விட்டுவைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பாடத்தில் ஒழுங்கு வேண்டும். பொம்மைக்கு மூச்சு வராது, வரக் கூடாது. 'மூச்சு இல்லை' என்று முடிவு செய்து நெஞ்சை அமுக்கத் தொடங்குவதுதான் ஐந்தாம் பாடம். மறுபடி பதிவு செய்கிறேன் என்று ஒருங்கிணைப்பாளரிடம் போனில் சொன்னாள்.

"ஐயோ, கையை வச்சுடாதீங்க சிஸ்டர்!" அவர் வயதில் சின்னவர், உற்சாகம் அதிகம். "நாலாம் பாடத்துக்கு நாலே முக்கால் நட்சத்திரம். இதுவரைக்கும் எந்தப் பாடத்துக்கும் வந்ததில்லை. எதை மாத்தலாம்னு கேட்டதுக்கு என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? அந்த மூச்சுப் பகுதியைக் கூட்டச் சொல்லியிருக்காங்க. பத்து நொடி பத்தலையாம்."

"பத்து நொடிக்கு மேல பார்க்கவே கூடாது சார். நிஜத்துல உயிர் போயிடும்."

"நிஜத்துல பத்துதான் பார்ப்பாங்க. இது பழகுறதுக்குத்தானே? கீழே ஒரு வரி எழுதிடலாம். உங்க வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுதியிருக்கேன், இந்த நேரத்துல நட்சத்திரம் இறங்கினா எனக்கும் பேச வாய் இருக்காது."

நிரந்தரம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் இத்தனையும் தாங்கிக்கொண்டிருந்தாள். அது கிடைத்தால் கணவர் இரவு வேலையை விட்டுவிடலாம். மற்ற மனிதர்களைப்போல இருட்டினால் தூங்கி, விடிந்தால் எழலாம். அவருக்கு ஐம்பத்தொன்று ஆகிறது. உடம்பில் வலு குறைந்துகொண்டே வருவதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சரி, இருபது நொடி என்று ஒப்புக்கொண்டாள். இதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தாள்.

ஆனால் குறட்டையை வைத்து ஊரை ஏமாற்ற அவளுக்கு விருப்பமில்லை. அவர் தன் அண்ணனைப் பார்க்கப் பேருந்தேறிப் போன சனிக்கிழமை முற்பகலில், வீட்டில் ஈ காக்கை இல்லாத நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்கூட வேண்டாம் என்று அதன் இணைப்பைப் பிடுங்கினாள். சுவர்களில் எதிரொலி வராமலிருக்க மாட்டிய கனத்த போர்வைகளின் பழைய பஞ்சு வாடை, பொம்மையின் முகத்தைத் துடைத்த ஸ்பிரிட்டின் வாடை, அதற்கு அடியில் ரப்பர் வாடை. பாதியாள் பாயில் கிடந்தான். வாய் எப்போதும்போல் அரைகுறையாகத் திறந்திருந்தது. அவள் தலையைச் சாய்த்து, காதைக் கொண்டுபோய் வைத்து, இருபது எண்ணினாள். சத்தமில்லை. கன்னத்தில் காற்றும் படவில்லை. நிம்மதியாக எழுந்து பதிவைப் போட்டுக் கேட்டாள்.

இரண்டாவது நொடியில் தொடங்கியது. போன தடவையைவிடத் தெளிவாக. உள்ளே இழுப்பு. தயக்கம். வெளியே. விசில்.

அவள் எழுந்து போய்ப் படுக்கையறையைத் திறந்து பார்த்தாள். கறுப்புத் துணி, மடித்த போர்வை, காலிக் கட்டில். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து பொம்மையைப் பையில் போட்டு, ஜிப்பைக் கடைசி வரை இழுத்தாள். எதற்கு இழுத்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் அவர் முகம் வெளிறிப்போய் வந்தார்.

"பஸ்ல கொஞ்சம் கண் அசந்துட்டேன்மா. திடீர்னு மூச்சு உள்ளயும் போகல, வெளியவும் வரல. யாரோ வாயைப் பொத்தின மாதிரி. பக்கத்து சீட்டுக்காரர் தோளைப் பிடிச்சு உலுக்கினாரு. அப்புறம்தான் வந்துச்சு."

"எத்தனை மணிக்குங்க?"

"பதினொன்னு இருக்கும். ஏன்?"

பதினொன்றுக்குத்தான் அவள் பதிவைப் போட்டுக் கேட்டிருந்தாள். மனிதருக்கு வயசாகிறது, தூக்கம் கெடுகிறது, உடம்பு பருக்கிறது, தூக்கத்தில் மூச்சு நிற்கிற வியாதி எத்தனையோ பேருக்கு இருக்கிறது என்று வார்டில் நின்ற புத்தி வரிசையாக எடுத்துக் கொடுத்தது. மறுநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பக்கவாட்டில் படுங்கள், எடையைக் குறையுங்கள், தூக்கப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் வாருங்கள் என்று அவரும் அதையேதான் சொன்னார்.

பழைய பதிவைத் திரும்பப் போடலாமா என்று யோசித்தாள். அதிலும் அதே மூச்சுதானே இருந்தது. கண்டதையும் நினைத்துக் குழம்பாதே என்று தன்னையே அதட்டிக்கொண்டு இருபது நொடிப் பாடத்தை அனுப்பிவிட்டாள். தலைப்பில் 'நீங்கள் கேட்டீர்கள், செய்துவிட்டோம்' என்று போட்டார்கள்.

திங்கட்கிழமை புது அணி பார்க்கத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமையே கருத்துகள் வந்தன. ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம். நட்சத்திரம் கொடுப்பதில் இத்தனை தாராளத்தை அவள் கண்டதே இல்லை. கிடங்கில் வேலை செய்கிற யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: "என் நண்பர் போன வாரம் பார்த்தார், அவர் போனில் பழைய பாடம் கேட்டேன். இப்போ அந்த ஆள் நல்லா மூச்சு விடுறார். அவருக்கு உடம்பு தேறிடுச்சா?"

அவள் அதை மூன்று முறை படித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. இழுப்பு, தயக்கம், விசில். அப்புறம் நின்றது.

அவள் தலையைத் தூக்கினாள்.

மடிக்கணினியின் மூலையில், பாடத்தை இந்த நிமிடம் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் சின்னக் கட்டத்தில் 'ஒருவர்' என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்தது. பத்து. பதினைந்து. இருபது. அந்தப் பக்கம் ஒரு பெரிய விக்கலோடு குறட்டை திரும்ப வந்தது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். மதிய இடைவேளைக்குப் பன்னிரண்டரை மணிக்குக் கட்டம் 'நான்கு' என்றது. அவள் படுக்கையறைக்குள் போய், இருட்டில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, விரலை அவர் மூக்கடியில் வைத்துக்கொண்டாள். சூடான காற்று வந்து போனது. நின்றது. இருபது நொடி. வந்தது. நாலு மூச்சு விட்டிருப்பார், மறுபடி நின்றது. இருபது. வந்தது. மூன்று மூச்சு, நின்றது. இருபது. வந்தது. ஒரே ஒரு மூச்சு. நின்றது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது, உதடு கறுத்தது, தூக்கத்திலேயே கை எதையோ தேடிப் போர்வையைப் பிறாண்டியது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். அவர் விழிக்கவில்லை. இருபது முடிந்த பிறகுதான் விழித்தார்.

"என்னம்மா, ஏன் அடிக்கிற?"

"ஒன்னுமில்லைங்க. தூங்குங்க."

நான்கு பேர். நான்கு தடவை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. அதைச் செய்ததற்காக அவள் பின்னால் தன்னைத் திட்டிக்கொள்ளாத நேரமில்லை. மாலையில் அவர் சாய்வு நாற்காலியில் தினசரியை நெஞ்சின் மேல் போட்டபடி கண்ணயர்ந்திருந்தபோது, ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, நான்காம் பாடத்தை ஓட விட்டாள். திரையில் அவளே தலையைச் சாய்த்தாள். காதைக் கொண்டுபோனாள். நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி.

நாற்காலியில் தினசரி அசைவதை நிறுத்தியது.

அவள் சட்டென்று பாடத்தை நிறுத்தினாள். தினசரி அசையவில்லை. மூடினாள். அசையவில்லை. ஐயோ, நிறுத்தினால் அப்படியே நின்றுவிடுமா? மறுபடி திறந்து, விட்ட இடத்திலிருந்து ஓட விட்டு, அந்த இருபது நொடியைக் கடக்கவைத்தாள். திரையில் அவள் நிமிர்ந்ததும், நாற்காலியில் அவர் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தவர்போல் காற்றை வாரி இழுத்தார்.

அன்றைக்கே பாடத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டாள். பாடத்தைக் காணோம் என்று தெரிந்ததும் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை, அது இன்னும் மோசம்.

"தெரியாம அழிச்சுட்டீங்க போல. கவலைப்படாதீங்க சிஸ்டர், என்கிட்ட பிரதி இருக்கு. ஒரு நல்ல செய்தி சொல்றேன் கேளுங்க. வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு எல்லாக் கிளையும் ஒரே நேரத்துல பார்க்கப் போறாங்க. உங்களையும் சேர்த்து நானூத்துப் பன்னெண்டு பேர்! மேலிடத்துல இருந்தும் உட்காருறாங்க. அது முடிஞ்சதும் உங்க ஆர்டர் வந்துடும்."

"வேண்டாம் சார். அந்தப் பாடம் மட்டும் வேண்டாம். அந்தச் சத்தம்... என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை சார். அது அவர் மூச்சு."

"அட, அவருதானா? அப்ப நான் நேர்ல வந்து நன்றி சொல்லணும்!" அவர் சிரித்தார். "நீங்க ஓய்வெடுங்க. மாத்த வேண்டியதை நாங்களே மாத்திட்டோம். இந்த வாரம் படிவத்துல ஒன்னு அதிகமா கேட்டிருந்தாங்க. எனக்குக் கேக்குறதுக்குள்ள முடிஞ்சுபோகுது, எல்லாருக்கும் கேட்டப்புறம் மேல போங்கன்னு. நியாயந்தானே? பின்தங்குறவங்களை விட்டுட்டுப் போகக் கூடாது. அதனால நொடிக் கணக்கையே எடுத்தாச்சு. 'மூச்சு கேட்கிறதா'ன்னு ஒரு பொத்தான். கடைசி ஆள் 'ஆம்' அழுத்துற வரைக்கும் அந்த இடம் ஓடிட்டே இருக்கும்."

அவள் கெஞ்சினாள், அழுதாள், மேலிடத்தின் எண்ணைக் கேட்டாள். இத்தனை வருடம் தூக்கம் கெட்டு உழைத்தவள், கொஞ்சம் சோர்ந்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். குரலில் அந்தப் பரிவு தெரிந்தது. நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் பேசிப் பயனில்லை.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கத்தான் தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"சரி, தூங்கினாத்தானே இப்படி ஆகுது? வெள்ளிக்கிழமை நான் தூங்கல. முந்தின ராத்திரி லீவு சொல்லிட்டு நல்லா தூங்கி எழுந்து, ரெண்டு மணிக்கு உன் முன்னாடி கொட்டக் கொட்ட முழிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். போதுமா? அந்தப் பாதியாளை முதல்ல வீட்டை விட்டு அனுப்பு."

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பொம்மையை எடுத்துப்போக மையத்து வண்டி வருவதாக ஏற்பாடு. காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறைக் கதவோரம் வைத்தாள். எப்போதும் ஒரு கையால் தூக்கிவிடுவாள். அன்றைக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஒன்றே முக்கால். நல்ல வெயில். சமையலறை ஜன்னல் வழியாக வெளிச்சம் தரையில் பளிச்சென்று விழுந்திருந்தது. அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, மூன்றாவது கோப்பைக் காப்பியைக் குடித்துக்கொண்டு, அச்சகத்தில் யாரோ தலைப்பைத் தலைகீழாக அச்சடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நூறு முறை கேட்ட கதை. இன்றைக்கு ஒரு சொல் விடாமல் கேட்டாள். மடிக்கணினி அவள் பக்கத்தில் திறந்திருந்தது. தானும் உள்ளே நுழைந்திருந்தாள், ஒரு 'ஆம்' ஆவது சீக்கிரம் விழட்டும் என்று.

இரண்டு மணி. கட்டத்தில் எண் ஏறியது. நூறு, இருநூற்றைம்பது, நானூற்றுப் பன்னிரண்டு.

"முழிச்சுட்டுத்தானே இருக்கீங்க?"

"பார்த்தா எப்படித் தெரியுது?" அவர் கண்களை அகல விரித்துக் காட்டினார். "கேளு. மேனேஜர் ஓடி வர்றாரு, கையில அந்தத் தாள். நாங்க எல்லாம் சிரிப்பை அடக்கிட்டு நிக்கிறோம். அப்ப அவரு சொல்றாரு..."

நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி.

அவர் சொல்லவில்லை.

வாய் அடுத்த சொல்லுக்காகத் திறந்தபடி இருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கோப்பை மேசையில் உருண்டது. அவர் தூங்கவில்லை. விழித்திருந்தார். முழுக்க விழித்திருந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார், அத்தனை இறுக்கமாக.

"என்னங்க! என்னங்க!"

திரையில் பொத்தான் வந்திருந்தது. அவள் 'ஆம்' மேல் ஓங்கி அடித்தாள். 'நன்றி. இன்னும் 411 பேருக்காகக் காத்திருக்கிறோம்' என்று வந்தது. அதன் கீழே ஒருங்கிணைப்பாளர் எழுதிய வரி: 'அவசரம் வேண்டாம். நன்றாகக் கேட்டு, நிச்சயமானால் மட்டும் அழுத்துங்கள்.'

ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தாள். "பத்து நிமிஷத்துல வந்துடுவோம்மா." பத்து நிமிடம். கணவர் பிடி தளர்ந்து, நாற்காலியோடு சரிந்தார். அவள் இழுத்துத் தரையில் கிடத்தினாள், வெளிச்சம் விழுந்த இடத்தில். நெற்றியில் ஒரு கை, முகவாயில் ஒரு கை. காதை வாயருகே வைத்தாள்.

மூச்சு கேட்டது.

நன்றாகவே கேட்டது. ஆழமாக, நிதானமாக, இத்தனை வருடம் பக்கத்தில் கேட்ட அதே மூச்சு. ஐயோ, இருக்கிறார் என்று உடம்பெல்லாம் தளர்ந்தது. அப்புறம் கண் நெஞ்சைப் பார்த்தது. நெஞ்சு அசையவில்லை. கன்னத்தில் காற்றில்லை. சத்தம் அவர் வாயிலிருந்து வரவில்லை. கணினியிலிருந்தும் இல்லை, அதன் ஒலியை அவள் காலையிலேயே அணைத்திருந்தாள்.

அவளுக்குப் பின்னால், கதவோரத்திலிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்ப நேரமில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள். எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. பன்னிரண்டு, பதின்மூன்று. திரையில் எண் இறங்கியது: 396. கொஞ்சம் நின்றது. 395. எங்கெங்கோ கிடங்குகளில், உணவறைகளில், தலையைச் சாய்த்து, புன்னகையோடு, அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

மூக்கை மூடினாள். வாயோடு வாய் வைத்தாள். தன்னிடம் இருந்த காற்றையெல்லாம் அவருக்குள் ஊதினாள். காற்று உள்ளே போனது. போவதை அவள் உணர்ந்தாள். நெஞ்சு எழும்புகிறதா என்று பக்கவாட்டில் பார்த்தாள்.

அவர் நெஞ்சு எழும்பவில்லை.

கதவோரத்தில், ஜிப் போட்ட பை மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது.

அவருடைய கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் இன்னொரு முறை ஊதினாள், முன்னைவிட நீளமாக. பை இன்னும் உயரமாக எழுந்தது.